என் வீடு, என் இஷ்டம்!

தமிழ்நாட்டு நகரங்களில் இன்று மிக அதிகமாக ஜபிக்கப்படும் மந்திரம் எது என்று என்னைக் கேட்டால், காயத்ரியும் அல்ல, பஞ்சாட்சரமும் அல்ல என்று சொல்வேன். "என் வீடு, என் இஷ்டம்!" என்பதுதான் அது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிற எவரிடமாவது போய், "கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவர் வாயை மூடுவதற்குள் மந்திரம் வந்து விழும். சிலர் அதற்கு முன்னால் ஒரு தொகையையும் சேர்த்துக்கொள்வார்கள். "எண்பது லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறேன் ஐயா!" என்பார்கள். எண்பது லட்சம் கொடுத்தவருக்கு ஆணி அடிக்க உரிமை. எழுபத்தைந்து லட்சத்தில் முடித்துக்கொண்டவருக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் கடமை. வாடகைக்கு இருப்பவனோ இந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, அந்த எண்பது லட்சத்துக்கு இவர் எதைத்தான் வாங்கினார் என்று பார்த்துவிடலாம். பீரோவைத் திறந்து கிரயப் பத்திரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். நிலத்தில் உமக்குக் கிடைத்திருப்பது "பிரிக்கப்படாத பாகம்" என்று எழுதியிருக்கும். எத்தனை சதுர அடி என்று இருக்குமே தவிர, எந்தச் சதுர அடி என்று இராது. மாடிப்படி, நடை, லிப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எல்லாருக்கும் பொது. இவற்றை யாரும் பங்கு போட்டுப் பிரித்துக்கொள்ள முடியாது என்பதைத் தமிழ்நாட்டின் 1994-ம் வருஷத்து அடுக்ககச் சட்டமும் சொல்லிற்று. அதன் இடத்தில் வந்த 2022-ம் வருஷத்துச் சட்டமும் சொல்கிறது. பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரிந்த இந்த உண்மை, பத்திரத்தைப் பூட்டி வைத்திருப்பவருக்குத் தெரியவில்லை. உம்முடைய தரை கீழ் வீட்டுக்காரரின் கூரை. உம்முடைய கூரை மேல் வீட்டுக்காரரின் தரை. பக்கத்துச் சுவரின் ஒரு முகம் உமக்கு, மறு முகம் அடுத்தவருக்கு. "என் வீடு" என்பதே இங்கே பாதி உண்மையாக இருக்கும்போது, "என் இஷ்டம்" மட்டும் எப்படி முழுசாக இருக்க முடியும்?

உடனே ஒரு சமாதானம் சொல்வார்கள். "நாம் எல்லாம் கலகலப்பாக வாழ்ந்து பழகிய ஜனங்கள் சார்! அமைதி, அடக்கம், காலால் நுனி நடை நடப்பது எல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம். நமக்குச் சத்தம்தான் மங்களம்." இந்த வாதத்தைச் சொல்பவர்கள் தமிழ்ப் பண்பாட்டின் பாதுகாவலர்களைப் போல மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பண்பாட்டை அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததாகக் கூடத் தெரியவில்லை.

நம்முடைய சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் தவிலும் நம்மிடம் உண்டு, வீணையும் உண்டு. நாதஸ்வரம் கோயில் பிராகாரத்துக்கும் ரத வீதிக்கும் ஏற்பட்டது. வீணை நாலு சுவருக்குள் ஏற்பட்டது. எந்த நாதத்துக்கு எந்த இடம் என்று தெரிந்து வைத்திருந்த ஜாதி நாம். திறந்த வெளியில் வாசிக்க வேண்டியதை அறைக்குள் கொண்டு வந்து, அறையிலே கேட்க வேண்டியதை ஊருக்குக் கேட்கும்படி பெருக்குவது நம் வழக்கம் அல்ல. அவ்வளவு ஏன், நம்முடைய சுவாமிக்கே பள்ளியறை உண்டு. அர்த்தஜாம பூஜை முடிந்து நடை சாத்தினால், விடியற்காலையில் திருப்பள்ளியெழுச்சி வரையில் அவரை யாரும் எழுப்புவதில்லை. உறக்கமே தேவையில்லாத சர்வேசுவரனுக்கு இத்தனை மரியாதை செய்து வைத்த ஊரில், மறுநாள் காலை எட்டரை மணி ரயிலைப் பிடித்து வேலைக்குப் போக வேண்டிய மனிதனுக்கு ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் கிடையாது!

தெருவில் ஒரு வீட்டிலே சாவு விழுந்தால், எடுக்கும் வரையில் மற்ற வீடுகளில் அடுப்பு மூட்டாத ஊர்கள் இருந்தன. கோயில் நடையும் சாத்தியே இருக்கும். கல்யாண ஊர்வலம் துக்க வீட்டைத் தாண்டும்போது மேளக்காரர் வாத்தியத்தைத் தாழ்த்திக்கொள்வார். இதையெல்லாம் போலீஸ்காரர் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் கண்ணை மூடியிருப்பார். மூன்றாம் மாடியில் பிறந்த நாள் விழாவுக்குப் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். மூன்றாம் மாடிக்காரர் கல்நெஞ்சர் அல்ல. கீழே மனிதர் செத்துப்போனது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒண்டுக் குடித்தனத்தில் நாலு குடும்பம் ஒரு கிணற்றிலும் ஒரு முற்றத்திலும் முட்டி மோதிக்கொண்டதுண்டு. சண்டை வராத நாள் கிடையாது. ஆனால் எந்த வீட்டுப் பையனுக்கு நாளைக்குப் பரீட்சை, எந்த வீட்டு மாமிக்குத் தலைவலி என்பது நாலு குடும்பத்துக்கும் தெரிந்திருந்தது. சுவர் மெல்லியதாக இருந்தது; மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். இப்போதும் சுவர் மெல்லியதாகத்தான் இருக்கிறது. அறிமுகம் மட்டும் போய்விட்டது.

சுவர் என்றதும் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால், "எங்கள் வீட்டில் அப்படியொன்றும் சத்தமே போடவில்லையே!" என்று சத்தியம் செய்பவர்களில் பாதிப் பேர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். சத்தம் இரண்டு வழியாக வருகிறது. பேச்சு, பாட்டு, டெலிவிஷன் இவை காற்று வழியாக வருபவை. ஜன்னலைச் சாத்தினால் ஓரளவு அடங்கும். கனமான சுவர் இருந்தால் இன்னும் அடங்கும். மற்றொரு வழி, கட்டடத்தின் எலும்பு வழியாகவே வருவது. தூணும் உத்தரமும் தளமும் கான்கிரீட்டில் ஒரே உடம்பாக வார்க்கப்பட்டிருக்கின்றன. நாலாம் மாடியில் அம்மிக் குழவியை "தொம்" என்று வைத்தால், அந்த அதிர்ச்சி கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிப் படுக்கையறைக்கு இறங்குகிறது. நாற்காலியை இழுப்பதும், பையன் பந்தைத் தரையில் தட்டுவதும், சுவரில் துளைபோடும் யந்திரமும் இந்த இனம். துளை போடுகிறவர் காதில் கேட்பது ஒரு பங்கு என்றால், கட்டடம் முழுவதும் கேட்பது பத்துப் பேருக்கு.

இதற்கு மருந்து என்ன? பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நாற்காலிக் கால் நாலுக்கும் ரப்பர்க் குமிழ். மிக்ஸிக்கு அடியில் நாலாக மடித்த துணி. அம்மிக்கும் கல்லுரலுக்கும் கீழே ஒரு கோணிச் சாக்கு. எண்பது லட்சத்தோடு இன்னொரு நூறு ரூபாய் சேர்த்தால் வேலை முடிந்தது. அந்த நூறு ரூபாய்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

மேலே சொன்ன துளை யந்திரத்தைப் பற்றி நான் காதால் கேட்ட ஒரு சம்பாஷணை உண்டு. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மாடி ஏறிப்போய், ஓர் இளைஞரிடம் நயமாகவே சொன்னார்.

"தம்பி, கீழ் வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். இதை நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா?"

"அங்கிள், எனக்கு லீவு இன்றைக்குத்தான். அதோடு, ராத்திரி பத்து மணிக்கு மேலேதான் சத்தம் போடக் கூடாது என்று ரூல். இப்போது பகல்தானே?"

"ரூலை நான் கேட்கவில்லையே அப்பா! அந்தப் பெண் தூங்க வேண்டாமா என்றுதான் கேட்டேன்."

இளைஞர் அதற்குப் பதில் சொல்லவில்லை. யந்திரம்தான் பதில் சொல்லிற்று.

அந்தத் தம்பிக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. 2000-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் கொண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, ராத்திரி என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. பத்து டெசிபல்தானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். டெசிபல் கணக்கு காய்கறி நிறுக்கும் கணக்கு அல்ல. பத்து ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு ஆகிவிடும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். உலகச் சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டியோ, நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் கூடாது என்றது. 2005-ம் வருஷம் ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை நீதிபதி லஹோட்டியும் நீதிபதி அசோக் பானும் தீர்ப்புச் சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள், இரைச்சலின்றி நிம்மதியாக இருக்கும் உரிமையும் அடக்கம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பேசுவதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டென்றால், கேட்க மாட்டேன் என்று சொல்ல மற்றவனுக்கும் உரிமை உண்டு. யாரையும் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது.

மிகவும் உயர்ந்த தீர்ப்பு. ஆனால் அது பிரதானமாக ஒலிபெருக்கியையும் வெடியையும் வாகன ஹாரனையும் பற்றியது. நாற்காலிக் காலைப் பற்றியது அல்ல. விதிகளோ, வரம்புக்கு மேல் 10 டெசிபல் தாண்டினால்தான் பகலில் புகார் செய்யலாம் என்கின்றன. அந்த வரம்பும் ஒரு கால அளவில் எடுத்த சராசரி. அம்மிக் குழவியின் ஒரு "தொம்" எந்தச் சராசரியிலும் அகப்படாது. தூங்கும் குழந்தையின் காதில் மட்டும் தவறாமல் அகப்படும். ஆகவே, சட்டம் எல்லைக்கல். அதற்கு உட்பட்ட நிலத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது மரியாதையின் பொறுப்பு. "ரூலில் இல்லை" என்று சொல்கிறவர், மரியாதைக்கும் ஒரு கெஜட் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்.

இது வரையில் வாசித்தவர்களில் சிலர், முக்கியமாகக் குடியிருப்போர் சங்கங்களின் காரியதரிசிகள், "பேஷ், பேஷ்! நன்றாகக் கொடுத்தீர்!" என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

சத்தம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இவர்கள் யாரை அடக்குகிறார்கள் என்று பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில், "குழந்தைகள் இங்கே விளையாடக் கூடாது" என்று ஒரு பலகை. மொட்டை மாடிக்குப் பூட்டு, சாவி காரியதரிசியிடம். அங்கே வடாம் காயப்போடக் கூடாது, பட்டம் விடக் கூடாது, நிலா பார்க்கக் கூடாது. படிக்கட்டில் உட்காரக் கூடாது. மூன்று வாலிபர்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தால், அவர்கள் சிரித்தாலே சங்கத்துக்கு மனுப் போகும். ஆனால், பின்னால் நகரும்போதெல்லாம் பாட்டுப் பாடி ஊரை எழுப்புகிற காரின் மேல் மனுப் போகாது; ஏனென்றால் அது தலைவரின் கார். மூன்று பிளாட்டுக்குச் சொந்தக்காரர் நாலு மாதமாக உடைத்துக் கட்டுகிறார். அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

சத்தங்களில் இரண்டு ஜாதி உண்டு. பச்சைக் குழந்தை வீரிட்டு அழுவது, குக்கர் கூவுவது, கிழவர் விடிய விடிய இருமுவது, சிறுவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கீழே ஓடிப் பிடித்து விளையாடுவது எல்லாம் வாழ்க்கையின் சத்தம். இவற்றைச் சகித்துக்கொள்ள முடியாதவர் மனிதர்களோடு குடியிருக்க லாயக்கில்லாதவர். அவருக்கு வேண்டியது ஆசிரமம். லிப்டுக்குள் செல்போனை உரக்க வைத்துப் பேசுவது, நடுநிசியில் ஊருக்கே சினிமாக் காட்டுவது, சொல்லாமல் கொள்ளாமல் சுவரை உடைப்பது இவை அலட்சியத்தின் சத்தம். சங்கங்கள் முதல் ஜாதியை ஒடுக்கிவிட்டு, இரண்டாம் ஜாதியைக் கண்டும் காணாமல் விடுகின்றன. காரணம் எளியது. குழந்தைக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை.

ஓட்டில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு வாட்ச்மேன் படுத்திருக்கிறார். அவர் தலைமாட்டில் தண்ணீர் மோட்டார். பக்கத்தில் ஜெனரேட்டர். ராத்திரி ஒரு மணிக்கு வரும் கார் ஒவ்வொன்றும் கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்துத்தான் அவரை அழைக்கிறது. இந்தக் கட்டடத்தின் இரைச்சல் முழுவதும் கடைசியில் வடிந்து சேருகிற இடம் அவருடைய காது. அவருடைய தூக்கத்தைப் பற்றி எந்தப் பொதுக்குழுவிலாவது ஒரு தீர்மானம் வந்ததுண்டா? அவர் தூங்கிவிட்டார் என்று கண்டனத் தீர்மானம் வந்திருக்கலாம்!

வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு இன்னும் விசேஷமான உபசாரம். "வேலையாட்கள் இந்த லிப்டை உபயோகிக்கக் கூடாது" என்று அட்டை தொங்கவிட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. உங்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற கை, உங்கள் தோசைக்கு மாவு அரைக்கிற கை, லிப்டின் பொத்தானைத் தொட்டால் தீட்டு! பழைய தெருவில் இருந்த ஒருவருக்கொருவர் இரங்கும் குணத்தைச் சற்று முன்பு புகழ்ந்தேன். அந்தத் தெருவில் காலே வைக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு மறந்துவிடவில்லை. நம்முடைய நவநாகரிக மாளிகைகள் அந்தத் தெருவின் இரக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, அதன் தீண்டாமையை மட்டும் லிப்டில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. பொது இடம் என்று பெயர் வைத்துவிட்டு, அதில் யார் நிற்கலாம், யார் உட்காரலாம் என்று தரம் பிரித்தால், அது பொது இடம் அல்ல. சத்தத்துக்குச் சொன்ன அதே நியாயம்தான் இடத்துக்கும்: அடுத்தவரும் மனிதர் என்ற நினைப்பு.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். சிங்கப்பூரில் நடக்கிறது. 1960-ல் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில்தான் அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் வசிக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே கட்டடத்தில். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் புதுப்பிப்பு வேலையே கூடாது. இடிப்பது, உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாட்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரைதான். நடையில் செருப்பு அலமாரி வைக்கலாம். ஆனால் தீ விபத்தில் தப்பி ஓட 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். பல கட்டடங்களில் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும். இன்னொரு நாள் சீனருடைய இழவு நடக்கும். பூட்டுப் போட்டுச் சாவியை எவர் இடுப்பிலும் செருகவில்லை. அங்கேயும் அண்டை வீட்டுச் சச்சரவு இல்லாமல் இல்லை. ஆனால் விஷயம் ஒன்று: சென்னையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யந்திரத்தைப் பிடிக்கிற நம்மவரே அங்கே குடிபோனால் ஒரே வாரத்தில் ஒழுங்கைக் கற்றுக்கொண்டுவிடுகிறார். ஆகவே, குறை தமிழ் ரத்தத்தில் இல்லை. இங்கே கேட்பார் இல்லை என்ற தைரியத்தில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. சுவரில் கை வைப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக மேலே, கீழே, பக்கத்தில் நாலு கதவுகளைத் தட்டி, "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வேலை நடக்கும், உங்களுக்கு ஏதாவது அசௌகரியம் உண்டா?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அறிக்கை விடாதீர்கள், கதவைத் தட்டுங்கள். தட்டினால்தான் உள்ளே ஒரு நோயாளி இருப்பது தெரியும். புகார் சொல்லப் போகிறவருக்கும் இதே விதி. பெயரில்லாத மனுவும், குழுவில் எல்லாரும் பார்க்கும்படி ஏசுவதும் வேண்டாம். நேரே போய், ஒரு மனிதரிடம் பேசுவது போலப் பேசுங்கள். குழந்தைகளுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் கார்களை ஒதுக்கி இடம் விடுங்கள். மொட்டை மாடியைத் திறந்து விடுங்கள். வாட்ச்மேன் கட்டிலை மோட்டாரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் மோட்டாருக்கு அடியிலாவது நல்ல ரப்பர் மெத்தை போடுங்கள். லிப்டில் தொங்கும் அந்த அட்டையை இன்றைக்கே எடுங்கள்.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்கு நாள் குறித்து நோட்டீஸ் வந்திருக்கும். கட்டடத்துக்கு எந்த வர்ணம் பூசலாம் என்பது முதல் விஷயமாக இருக்கும். அதன் மேல் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். இந்தத் தடவை வர்ணத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இந்தக் கட்டடத்தில் யார் யாருக்குத் தூக்கம் கெடுகிறது, எதனால் கெடுகிறது என்பதை முதல் விஷயமாக எடுங்கள். வாட்ச்மேனையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள். அந்த நாற்காலியை இழுக்காமல், தூக்கி வையுங்கள்.